மூலையில் முழங்கும் பேதைமை

பெரிய சப்வூஃபரை வாங்கு, மூலையில் வை, ஒலியைக் கூட்டு: அனல்மின் நிலையத்தை அடுத்த அத்திப்பட்டின் சிறு வீடுகளுக்கும் விற்பனையாளர் ஓதும் வேதம் இதுவே. இதனை நாம் முற்றாக மறுக்கிறோம்.

12 அடி நீள அறையில் ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலையலையாகிறது. பின்சுவரில் சாய்ந்திருப்பவருக்கு அது இடி. அறை நடுவில் அமர்ந்தவருக்கோ ஏறக்குறைய மௌனம். இது கருவியின் குற்றமன்று, அறையின் இயல்பு. மூலையோ அறையின் நிலையலைகள் அனைத்தையும் ஒருங்கே தட்டியெழுப்பும் இடம். அங்கே வைத்து ஒலியைக் கூட்டினால் இடிதான் பெருகும். அம்முழக்கத்தில் முதலில் மூழ்குவது மாந்தர் பேசும் தமிழ். வசனம் விளங்காத திரையரங்கு வீட்டில் எதற்கு?

எதிரெதிர்ச் சுவர்களின் நடுவே இரண்டு கருவிகளை வைத்தால் இருக்கைக்கு இருக்கை வேறுபாடு வெகுவாகக் குறையும் என்பதை ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்ட்டி 2002இல் ஆராய்ந்து காட்டினார். ஆகவே ஒரு பெரியதன் விலையில் இரண்டு சிறியவை நன்று. ஒன்றுதான் இயலுமெனில், அதை உங்கள் இருக்கையில் வைத்து ஒலிக்கவிட்டுச் சுவரோரம் தவழ்ந்து கேளுங்கள். தாழொலி சீராகக் கேட்குமிடமே அதற்குரிய இடம்.

நிலத்தை முதற்பொருளுள் வைத்தது தொல்காப்பியம். அதைப் பயின்ற நாம், இடமறியாது ஒலியை விலைக்கு வாங்கலாமா?