புது 5ஜி போனுக்கு எந்த சிம்? தகர ஷெட்டுக்குள் டவர் எடுக்குதா பாருங்க!

அம்பத்தூர்: அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தவணையில் 5ஜி செல்போன் வாங்கும் தொழிலாளர்களுக்கு அடுத்த குழப்பம், எந்த கம்பெனி சிம் போடுவது?

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து கட்டணத்தை ஏற்றின. பி.எஸ்.என்.எல். ஏற்றவில்லை. பலர் அங்கே தாவினர். ஆனால் அதன் சொந்த தொழில்நுட்ப 4ஜி சேவையை பிரதமர் தொடங்கி வைத்ததே 2025 செப்டம்பரில்தான்.

மலிவு மட்டும் பார்த்தால் போதாது. 5ஜி-க்கு அதிகம் பயன்படும் அலைவரிசை சுவரையும் தகரக் கூரையையும் லேசில் தாண்டாது. ரோட்டில் டவர் முழுசா காட்டும் போன், ஷெட்டுக்குள் போனதும் படுத்துவிடும். 'ஓவர்டைம் இருக்கு, வா' என்று சூப்பர்வைசர் கூப்பிட்டு லைன் கிடைக்காவிட்டால் அன்றைய காசு யாருக்குப் போச்சு? பக்கத்து மெஷின்காரர் என்ன சிம் வைத்திருக்கிறார் என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

அவசரப்பட்டு நம்பரை மாற்ற வேண்டாம். முதலில் இரண்டாவது சிம்மாக போட்டு வேலை இடத்திலும் வீட்டிலும் ஒரு மாதம் பாருங்கள். மாறியபின் 90 நாள் வேறு கம்பெனிக்கு போக முடியாது. பழைய ரீசார்ஜில் மிச்சம் இருப்பதும் போய்விடும். எனவே வேலிடிட்டி முடியும் நேரத்தில் 1900-க்கு மெசேஜ் அனுப்பி போர்ட் கோடு வாங்குங்கள். அது 4 நாள்தான் செல்லும்.

2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது இந்த கோடு கூட கிடைக்காமல் தமிழகம் முழுக்க ஜனங்கள் அல்லாடினர். பேங்க் ஓ.டி.பி. வந்ததும் அதே நம்பருக்குத்தான்.