பெட்டியில் வராதது: ஊருக்குப் போய்வந்த குடலின் கதை

கோடை லீவு முடிஞ்சு லுசேர்ணுக்குத் திரும்பினால் முதல் வேலை பெட்டியைத் திறக்கிறதுதான். மிளகாய்த்தூள், ஒடியல், பனங்கட்டி. குடலுக்குள்ள என்ன வந்தது எண்டு ஆரும் பார்க்கிறேல்லை. 2012 கடைசியில் தொடங்கிய ஒரு சுவிஸ் ஆய்வு அதைப் பார்த்தது. தெற்காசியாவுக்குப் போன 170 பேரின் மலத்தைப் போக முன்னும் வந்த பின்னும் சோதித்தார்கள். திரும்பி வந்தவர்களில் கிட்டத்தட்ட பத்துக்கு ஏழு பேரிடம், பெனிசிலின் வகை மருந்துகள் பலவற்றை உடைத்துப்போடும் நொதியம் உள்ள ஈ.கோலி இருந்தது. இந்த நொதியத்தை டொக்டர்மார் ஈ.எஸ்.பி.எல். எண்டு சொல்லுவினம். இந்தியா போனவர்களில் 86.8 வீதம், இலங்கை போனவர்களில் 34.7 வீதம். சொந்தக்காரரிட்டைப் போனதும், ஐஸ்கிறீமும் பேஸ்ற்றியும் சாப்பிட்டதும் அபாயத்தைக் கூட்டியிருந்தன. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஐஸ்கிறீம் குடிக்காமல் வாறது நடக்கிற காரியமோ?

பயப்பட வேண்டாம். குடலில் இருக்கிறது வேறை, வருத்தம் வேறை. பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதத்தில் தானாகப் போய்விடும். ஆனால் இந்தக் கிருமி தன்ரை எதிர்ப்புச் சக்தியைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் குடுக்கும்.

குடுக்கிறது எப்பிடி? பக்ரீரியாவின்ரை முக்கிய டி.என்.ஏ.க்கு வெளியில் பிளாஸ்மிட் எண்டு சின்ன டி.என்.ஏ. வளையங்கள் இருக்கும். கன்ரியில் உயிரியல் படிக்கிற பிள்ளை உங்களுக்கு இதைக் கீறியே காட்டும். இரண்டு பக்ரீரியா ஒட்டும்போது வளையத்தின் நகல் ஒன்று மற்றதுக்குப் போகும். சில வளையங்களில் நாலைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு ஒன்றாகவே இருக்கும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமியும் சகாக்களும் 2010இல் வெளியிட்ட கட்டுரை என்.டி.எம்.-1 எண்ட மரபணுவைப் பற்றியது. கடைசி மருந்தாக வைத்திருக்கும் கார்பபெனெம்களையே அது செல்லாக்காசாக்கும். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரித்தானியாவில் 37 கிருமிகளில் அதைக் கண்டார்கள். எனக்கு முக்கியமாய்ப் படுவது இன்னொரு விசயம். சென்னை, பிரித்தானியக் கிருமிகளின் பிளாஸ்மிட்டுகள் சுலபமாய் வேறை பக்ரீரியாவுக்குத் தாவின. ஹரியானாவில் எடுத்தவை தாவவில்லை. மரபணு ஒன்றுதான், ஏறின வாகனம்தான் வேறை.

வாகனத்துக்கும் சட்டம் இருக்கு. ஒவ்வொரு பிளாஸ்மிட்டும் 'இந்தச் செல்லில் நான் எத்தனை நகல்' எண்டு கணக்குப் பார்த்துத்தான் பெருகும். ஒரே கணக்குமுறை உள்ள இரண்டு வெவ்வேறு பிளாஸ்மிட் ஒரு செல்லுக்குள் வந்தால், செல் இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்து எண்ணிவிடும். பாலர் வகுப்பில் இரண்டு பிள்ளையளின் பையிலும் ஒரே படம் ஒட்டியிருக்கிற மாதிரி. ரீச்சர் எந்தப் பையை எடுத்தாலும் எண்ணிக்கை சரிவரும். செல் பிரியப் பிரிய, ஒரு பிள்ளைச்செல்லுக்கு ஒரு வகை மட்டும்தான் கிடைக்கும், மற்றது தொலையும். இப்பிடி ஒன்றோடொன்று குடியிருக்க முடியாதவற்றை ஒரு குழுவில் போடுவார்கள். 1970களில் லண்டனில் நவோமி தத்தா முதலானவர்கள் இப்பிடித்தான் எஃப், என், பி எண்டு பிரித்தார்கள். வெவ்வேறு குழு எண்டால் சண்டையில்லை, ஒரே கிருமிக்குள் சேர்ந்து வாழும். மருந்துக்கு மருந்து எதிர்ப்பு அடுக்கடுக்காய்ச் சேர்றது அதாலைதான்.

எஃப் குழு ஈ.கோலி, சல்மொனெல்லா போன்ற குடல் கிருமிகளை விட்டு அதிகம் வெளியே போகாது. எங்கடை பயணிகளின் நொதிய மரபணு பெரும்பாலும் ஏறுவது இந்தக் குழுவில்தான். பி குழு அப்பிடியில்லை. கிராம் நெகட்டிவ் வகைக் கிருமியள் பெரும்பாலானவற்றுக்குள்ளும் நுழையும். அதில் பேர்போன ஒன்று 1969இல் பர்மிங்காம் ஆஸ்பத்திரியின் தீக்காயப் பிரிவில் பிடிபட்டது. அதே நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இப்ப அதையே வாகனமாக்கி, எஃப் குழுவின் கணக்குமுறையை அதில் ஏற்றி, எதிர்ப்புப் பிளாஸ்மிட்டை வெளியே தள்ளப் பார்க்கினம். எலியின் குடல்வரை சோதித்திருக்கினம். மருந்துக்கடைக்கு வர இன்னும் நாளாகும்.

அதுவரை வீட்டில செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஊரில வயித்தாலை போனால் உடனே அன்ரிபயோட்டிக் குளிசை குடுக்காதேங்கோ. பின்லாந்தில் 430 பயணிகளைப் பார்த்ததில், தெற்காசியாவில் வயித்தோட்டத்துக்கு அன்ரிபயோட்டிக் எடுத்தவர்களில் 80 வீதமானோர் இந்த எதிர்ப்புக் கிருமியோடை திரும்பினார்கள். நீராகாரம் குடுங்கோ. இரத்தம், கடும் காய்ச்சல், சோர்வு எண்டால் டொக்டரிட்டை ஓடுங்கோ. திரும்பி வந்து சில மாதத்துக்குள் பிள்ளைக்கோ அம்மம்மாவுக்கோ சலத்தில் தொற்று வந்தால், டொக்டர் கேட்கமுதல் நீங்களே சொல்லுங்கோ: எந்த நாடு, எத்தனை கிழமை, அங்கை ஆஸ்பத்திரியில் படுத்தவரோ எண்டு. சலத்தைச் சோதனைக்கு அனுப்பி, எந்த மருந்து கேட்கும் எண்டு பார்த்துக் குடுக்க அவருக்கு அது உதவும்.