முகத்தில் விழும் வெளிச்சம்

சென்ற முறை ஹீற்றருக்குள் நிற்கும் காற்றை வெளியேற்றும் விதம் எழுதினேன். இம்முறை படம் பிடிக்க ஒரு விளக்குப் பெட்டி.

2010இல் ஜேர்மனிக்கு வந்தபின் அம்மாவை நான் நேரில் காணவில்லை. வட்ஸ்அப்பில் கதைத்தாலும், சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமென்று நின்றா. இரவு வேலை முடிந்து வந்து, குசினி விளக்கின் கீழ் நின்று ஒன்று எடுத்து அனுப்பினேன். "என்ன தம்பி, சாப்பிடுறேல்லையோ? கண் ரெண்டும் உள்ளுக்குப் போட்டுது" என்று அழுதா. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பிழை விளக்கில்.

உச்சியிலிருந்து விழும் வெளிச்சம் புருவத்தின் நிழலைக் கண்குழியில் போடும். எவரும் நோயாளியாகத்தான் தெரிவர். பிளாஷும் உதவாது. சிறிய விளக்கு நேரே அடித்தால் முகம் தட்டையாகி, நெற்றி எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். வெளிச்சம் பெரிய பரப்பிலிருந்து, பக்கவாட்டில், கிட்ட வரவேண்டும். ஜன்னல் ஓரம் நல்லதுதான். ஆனால் மார்கழியில் நாலரைக்கே இருண்டுவிடும் ஊரில், வேலைக்காரனுக்கு ஜன்னல் ஞாயிறு மட்டுமே.

ஆகவே கடையில் எறியும் பெரிய மட்டைப்பெட்டி ஒன்று எடுங்கள். 60 சென்றிமீற்றர் அகலமாவது இருக்கட்டும். உள்ளே குசினி அலுமினியத் தாளை ஒட்டுங்கள். முன்பக்கம் மெல்லிய வெள்ளைத் துணி. நடுவில், பிளக்குடன் விற்கும் ஹோல்டரில் 15 வாட்ஸ் எல்.ஈ.டி. பல்ப், பழைய 100 வாட்ஸ் குண்டு பல்ப்பின் வெளிச்சம் தரும். அலுமினியம் மின்சாரம் கடத்தும், ஹோல்டரில் முட்டக்கூடாது. வயர்களை நீங்களே முறுக்கிப் பொருத்த வேண்டாம். பின்பக்கம் காற்றுப்போக ஓட்டை விடுங்கள்.

நான் முதலில் நண்பர் தந்த 500 வாட்ஸ் ஹலஜன் விளக்கை வைத்தேன். பத்து நிமிடத்தில் துணி கருகிய மணம்! நல்ல படுக்கைவிரிப்பு அது. ஹலஜன் வேண்டவே வேண்டாம்.

பெட்டியைக் கண்ணுக்குச் சற்று மேலே, ஒரு மீற்றர் தூரத்தில் சரிவாக வையுங்கள். இரண்டு மீற்றருக்குத் தள்ளினால் வெளிச்சம் ஏறக்குறைய காற்பங்காகிவிடும், நிழலும் கடுமையாகும். மற்றக் கன்னத்துப் பக்கம் வெள்ளை ரெஜிபோம் பலகை ஒன்றை நிறுத்துங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணையுங்கள். இல்லாவிட்டால் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம்.

எங்கள் நிறத்துக்கு இன்னொன்று. பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கமெரா அதைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கும், முகம் கறுத்துவிடும். கடும் நிறச் சேலையொன்றைத் தொங்கவிட்டு, ஒன்றரை மீற்றர் முன்னால் நில்லுங்கள். பிறகு திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டுங்கள். முகத்தை வெள்ளையாக்கும் அப்களைத் தொடாதீர்கள். அம்மா கேட்டது என்னுடைய முகத்தை.

எனக்கு முடிந்த செலவு இருபது யூரோவுக்குள். புதுப் படம் போய்ச் சேர்ந்த அன்று அம்மா அழவில்லை. "முகம் தெளிவாய் இருக்கு. தலைமயிரை ஒருக்கா வெட்டன்" என்றா.