விசேட கல்வி ஆசிரியரைத் தக்கவைக்கச் சட்டம் வேண்டும்

விசேட தேவையுடைய பிள்ளைக்குப் பாடசாலையின் கதவைத் திறந்துவிட்ட நமது சட்டங்கள், அப்பிள்ளைக்குக் கற்பிக்கக்கூடிய ஆசிரியரை வகுப்பறையில் நிலைத்திருக்கச் செய்வதற்கு வழிவகுக்கவில்லை. இத்துறையில் மூன்று தசாப்தங்களாக நீடித்துவரும் குறைபாடுகளின் ஆணிவேர் இதுவேயாகும்.

வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வழங்குவதில் இயலாமையைக் காரணங்காட்டி எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என விதித்தது. 1997ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையிலான கல்வியைக் கட்டாயமாக்கின. 2016இல் அவ்வயதெல்லை 16ஆக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில், இயலாமையுடையோரின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. சைகை மொழியிலும் பிரெய்லிலும் தகைமை பெற்ற ஆசிரியர்களைப் பணிக்கமர்த்துவது அரசின் கடமை என அச்சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை கூறுகின்றது. இக்கடமையை நிறைவேற்றும் உள்நாட்டு ஏற்பாடுகளோ இன்னும் போதியனவாக இல்லை.

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதேனுமொரு செயற்பாட்டுச் சிரமத்தை எதிர்நோக்குவோராவர். இது சிறு தொகையன்று.

சாதாரண பாடசாலைகளோடு இணைந்த விசேட கல்வி அலகில் கற்பிக்கும் ஆசிரியரும் இலங்கை ஆசிரியர் சேவையின் பொதுவான பிரமாணங்களுக்கு உட்பட்டவரே. இடமாற்றம் வந்தால் அவர் செல்ல வேண்டியதுதான். பாட ஆசிரியர் பற்றாக்குறை ஏற்படும்போது, அலகிலுள்ள ஆசிரியரை மற்றைய வகுப்புக்கு அனுப்புவது நிர்வாகத்துக்கு இலகுவான வழியாகத் தோன்றலாம். ஆனால் ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளை தன் ஆசிரியரோடு பழகி நம்பிக்கை கொள்வதற்கே மாதங்கள் எடுக்கும். அவர் சென்றுவிட்டால் அப்பிள்ளை மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியுள்ளது.

கல்முனைக் கரையோரத்தை நோக்குவோம். பாண்டிருப்பு தமிழர் வாழும் ஊர். அதனை அடுத்துள்ள மருதமுனை முஸ்லிம்கள் வாழும் ஊர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இவ்விரு ஊர்களையும் ஒருசேரத் தாக்கியது. நிர்வாக எல்லைகள் குறித்து இப்பகுதியில் நெடுங்காலமாக வாதப் பிரதிவாதங்கள் நிலவுகின்றன. பாடசாலைகளும் பெரும்பாலும் சமூக அடிப்படையில் தனித்தனியே இயங்குகின்றன. ஆயினும் இரு ஊர்ப் பிள்ளைகளும் கற்கும் மொழி தமிழே. பிரெய்ல் கற்க வேண்டிய பிள்ளை ஒவ்வொரு பாடசாலையிலும் ஓரிருவராகவே இருப்பர். எனவே தமிழ் மொழியில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர், வலய மட்டத்தில் நியமிக்கப்பட்டு, பாடசாலைகள் தோறும் சென்று கற்பித்தால் இரு சமூகங்களும் பயன்பெறும். அவரை இழந்தால் இரு சமூகங்களுக்கும் இழப்பே.

ஏனைய நாடுகளின் அனுபவமும் நோக்கற்பாலது. இந்திய உயர் நீதிமன்றம் 2021 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பு, விசேட ஆசிரியர்களுக்கென நிரந்தரப் பதவிகளை உருவாக்குமாறு பணித்தது. ஆரம்பப் பிரிவில் விசேட தேவையுடைய 10 மாணவருக்கு ஒருவர், மேற்பிரிவில் 15 மாணவருக்கு ஒருவர் என்னும் விகிதம் பின்னர் அங்கு வகுக்கப்பட்டது. மாநிலங்கள் அதனை நிறைவேற்றத் தாமதித்தமையால், ஒப்பந்த அடிப்படையில் நீண்டகாலம் பணியாற்றுவோரைத் தகுதி கண்டு நிரந்தரமாக்குவது குறித்தும் 2025 மார்ச்சில் அந்நீதிமன்றம் பணிப்புரை விடுக்க நேர்ந்தது. அமெரிக்காவிலோ, குறைந்த வருமானமுடையோர் வாழும் பகுதிப் பாடசாலைகளில் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றும் விசேட கல்வி ஆசிரியர்களுக்கு 17,500 டொலர் வரையிலான கல்விக் கடனைத் தள்ளுபடி செய்யச் சட்டம் இடமளித்தது. உரிமையை அறிவிப்பதோடு நின்றுவிடாது, ஆசிரியர் நிலைத்திருப்பதற்கான காரணத்தையும் சட்டமே உருவாக்க வேண்டும் என்பதே இவற்றிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணப் பாடசாலைகள் மாகாண நிர்வாகத்தின் பொறுப்பிலும், தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் பொறுப்பிலும் உள்ளன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிவடைந்த பின்னர், ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. மக்கள் பிரதிநிதிகள் இல்லாத நிலையில் மாகாண மட்டத்தில் நியதிச்சட்டம் இயற்றுவோர் யார்? ஆகவே இவ்விடயத்தில் பாராளுமன்றமே முன்வர வேண்டியுள்ளது.

அத்தகைய சட்டத்தில் நான்கு ஏற்பாடுகள் அவசியமாகும். முதலாவது, ஒவ்வொரு கல்வி வலயத்திலும் விசேட கல்விக்கென வேறாக வரையறுக்கப்பட்ட ஆளணி. இரண்டாவது, பதில் ஆசிரியர் வரும்வரை அலகின் ஆசிரியரை இடமாற்றவோ வேறு வகுப்புக்கு அனுப்பவோ முடியாத பாதுகாப்பு. மூன்றாவது, தனியான கொடுப்பனவும், இத்துறையிலிருந்து விலகாமலேயே பதவியுயர்வு பெறும் வழியும். நான்காவது, தமிழ்மொழி மூலப் பயிற்சிக்கான நிரந்தர ஏற்பாடு. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆகிய வலயங்களுக்கு அண்மையில், அட்டாளைச்சேனையிலேயே தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்துள்ளமை இதற்கு வாய்ப்பாகும்.

இதற்குச் செலவாகும் என்பது உண்மையே. ஆனால் பயிற்சியளித்த ஆசிரியரை இழந்து, மீண்டும் புதியவரைப் பயிற்றுவதற்கும் செலவாகவே செய்யும். அந்தச் செலவின் ஒரு பகுதியைப் பிள்ளையின் கல்வியாண்டுகளே ஈடுசெய்கின்றன. அம்பாறை மாவட்டத்தின் தமிழ், முஸ்லிம் மக்கள் பிரதிநிதிகள் எல்லைப் பிரச்சினைகளில் மாறுபட்டு நிற்கலாம். இவ்விடயத்திலேனும் ஒரே குரலில் பாராளுமன்றத்தில் பேசுவார்களாயின், இரு சமூகங்களினதும் பெற்றோர் அவர்களுக்கு நன்றியுடையோராவர்.