அழகுக்கு வைக்கும் பூமரம் களையாக மாறுமா? நடும் முன் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மரக்கன்று நடும் வேலை சூடுபிடிக்கும். திருச்சி கைலாசபுரம் போன்ற குடியிருப்புகளின் சாலையோரப் பூமரங்களைப் பார்த்து, நம் வரப்பிலும் இரண்டு வைக்கலாமே என்று நினைப்பீர்கள். வைக்கலாம், எந்த மரம் என்று தெரிந்து வையுங்கள்.

முதுமலை தரும் பாடம்

அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த சென்னா ஸ்பெக்டாபிலிஸ், அழகுக்கும் நிழலுக்கும் இங்கு வந்த மஞ்சள் பூமரம். இன்று முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு காடுகளில் நெருக்கமாக வளர்ந்து, அடியில் புல் முளைக்க விடுவதில்லை. மான், யானைகளின் தீவனம் குறைகிறது. அயல் ஊடுருவும் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. அகற்றும் மரம் காகிதக் கூழுக்காகத் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குச் செல்கிறது.

ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

திருச்சியில் மழை அதிகம் பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. நீண்ட கோடையில் பல மரங்களின் நாற்றுகள் காய்ந்துவிடும். தப்பியதை ஆடு மேயும். ஆப்பிரிக்க டுலிப் மரம் ஈரம் மிகுந்த ஹவாய், பிஜி தீவுகளில் விளைநிலத்தையே பிடித்திருக்கிறது. வறண்ட சமவெளியில் அந்த வேகம் இல்லை.

ஆனால் 'நம்மூர் வறட்சி, பயமில்லை' என்று இருந்துவிடக் கூடாது. வறட்சியையே சாதகமாக்கிக்கொண்டதுதான் சீமைக்கருவேல். சூபாபுல் விதையும் தாய்மரத்தடியில் மண்டும். வாய்க்கால் கரை, காவிரிப் படுகை, சொட்டுநீர்த் தோப்பு ஆகியவற்றில் கோடையிலும் ஈரம் உண்டு. சாலையோரத்தில் அடங்கியிருக்கும் மரம் அங்கேயும் அடங்கியிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

என்ன செய்யலாம்?

• 'மஞ்சள் கொன்றை' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே பெயரில் பல மரங்கள் உள்ளன. நம் சரக்கொன்றையின் பூ கோடையில் சரமாகக் கீழே தொங்கும். சென்னா ஸ்பெக்டாபிலிஸ் பூ கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும், சிற்றிலைகளும் சிறியவை.

• ஏற்கெனவே இருக்கும் மரத்தடியைப் பருவமழை முடிந்ததும் பாருங்கள். நாற்றுகள் கூட்டமாக முளைத்திருந்தால் ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். காய் முற்றுமுன் பறித்து அழியுங்கள்.

• சென்னா ஸ்பெக்டாபிலிஸை வெட்டி மட்டும் விடாதீர்கள். அடிக்கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். மார்பளவு உயரத்திலிருந்து தரை வரை பட்டையை முழுதாக உரித்துவிட்டால், நின்றபடியே மெல்லக் காயும். தளிர் வந்தால் உடனே கிள்ளுங்கள்.

• புதிதாக நட சரக்கொன்றை, பூவரசு, புங்கன், மந்தாரை போதும். பூவும் நிழலும் கிடைக்கும். புங்கன், பூவரசு தழை உரமாகவும் உதவும்.

அடையாளம் தெரியாத கன்று என்றால், இலை, பூ, காயுடன் ஒரு கிளையைச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்டபின் நடுங்கள்.