பாவித்த வாகனம் வாங்குவோரின் கவனத்திற்கு



கட்டாரிலோ சவூதியிலோ வருடக்கணக்கில் உழைத்த பணம். போதாததற்கு மனைவியின் நகை. இவற்றைச் சேர்த்து ஒரு வேனோ காரோ வாங்கிப் பிழைக்க எண்ணுவோர் நமது ஊர்களில் அநேகர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பாவித்த வாகனங்களின் விலை ஏறியது. 2025இல் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தும், வரிச்சுமையால் புதிய வாகனம் பலருக்கு எட்டவில்லை. ஆகவே பாவித்ததையே நாடுகிறோம். ஆனால் கொடுக்கும் பணம் எதற்கெதற்குப் போகிறது என்று கேட்கத் தயங்குகிறோம்.

முதலாவது தரகு. 40 இலட்சம் ரூபாய் வாகனத்துக்கு நூற்றுக்கு இரண்டு வீதம் என்றால் 80,000 ரூபாய். தரகுக் கூலி ஆகுமானதே. ஆனால் நமது ஷாபிஈ மத்ஹபில் கூலியின் அளவு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். விற்பவர் 38 கேட்க, உங்களிடம் 40 என்று கூறி, இடையிலுள்ள இரண்டு இலட்சத்தை இருவருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்வது தரகு அல்ல, ஏமாற்று. எனவே விலையை விற்பவரின் வாயால் கேளுங்கள்.

இரண்டாவது வரி. இறக்குமதியின்போது சுங்கத்தில் கட்டிய வரி வாகனத்தின் விலையில் ஏற்கனவே கலந்திருக்கிறது. 2024 ஜனவரி முதல் வற் வரி நூற்றுக்கு 18 வீதம். அதற்குப் பதிவு செய்யாத எவரும் அதை அறவிட முடியாது. 'வற்' என்று கார் சேலில் பணம் கூட்டினால், பதிவிலக்கத்துடன் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். 'பேப்பர் செலவு' என்று மொத்தமாகச் சொன்னால், திணைக்களக் கட்டணம் எவ்வளவு, அவர்களின் கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் நிலுவையில் இருந்தால், பிரதேச செயலகத்தில் அந்த நிலுவையும் தண்டப்பணமும் உங்கள் தலையில் விழும்.

மூன்றாவது பதிவுப் புத்தகம். அதில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்து அப்பெயர் நீக்கப்படும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். என்ஜின், செசி இலக்கங்களைப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ஓபன் பேப்பர்'. பெயர் மாற்றும் செலவை மிச்சம்பிடிக்க, விற்பவரின் கையொப்பத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அவர் மௌத்தாகிவிட்டால்? பதிவில் வாகனம் இன்னும் அவருடையதே. நீங்கள் வாரிசுகளின் வாசலில் நிற்க வேண்டிவரும். விற்றவருக்கும் நிம்மதியில்லை. அந்த வாகனம் விபத்தில் சிக்கினால் பொலிஸார் முதலில் தேடுவது பதிவிலுள்ள பெயரைத்தான். எனவே விற்பவர் எம்.ரீ.ஏ. 6 படிவத்தையும், வாங்குபவர் எம்.ரீ.ஏ. 8 படிவத்தையும் நிரப்பி, கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது தெரியுமா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைப்பதைப் பற்றியது. ஆகவே 'நம்ம ஆள்தானே, எழுத்து எதற்கு?' என்று கேட்பவரிடம், 'நம்ம ஆள் என்பதால்தான் எழுதுகிறோம். நாளை நமக்குள் மனக்கசப்பு வரக்கூடாது' என்று சொல்லுங்கள்.

விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதும், அடிபட்ட இடத்தைப் பெயின்ட் பூசி மறைப்பதும் வியாபாரத்தின் பரக்கத்தை அழித்துவிடும். குறையைச் சொல்லி விற்றால் விலை சற்றுக் குறையலாம். ஆனால் வாங்கியவரின் சாபம் உங்களைத் தொடராது.

அல்லாஹ் நமது கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்குவானாக!