வளர்ப்போர் கடன்

வாயிலைக் காக்கும் நாயும் எலியைப் பிடிக்கும் பூனையும் தொன்றுதொட்டு மக்களோடு கூடி வாழ்ந்து வருகின்றன. ஒருவன் தன் இல்லத்தில் நாய் வளர்ப்பது அவன் விருப்பத்தைப் பொறுத்தது. ஆயின், அந்நாய் தெருவில் இறங்கியவுடன் அதனால் வரும் நன்மை தீமைகள் ஊரார் அனைவரையும் சார்கின்றன. ஆதலின், அவற்றைக் குறித்துத் திட்டம் வகுத்தல் உள்ளாட்சி மன்றங்களின் கடமையாயிற்று.

இக்கடமையின் இன்றியமையாமையை வெறிநாய்க்கடி நோய் நன்கு உணர்த்தும். இந்நோயின் குறிகள் தோன்றிய பின் பிழைத்தவர் மிக அரியர். 5 முதல் 14 வயது வரையுள்ள சிறுவர் பலர் இதற்கு இரையாகின்றனர். நாய்களுள் நூற்றுக்கு 70க்குக் குறையாமல் தடுப்பூசி இட்டால் நோய் பரவாது நிற்கும் என்பது அறிஞர் கண்ட உண்மை.

நூற்றுக்கு 70 என்று அறிவது எங்ஙனம்? ஊரில் உள்ள நாய்களின் தொகை தெரிந்தாலன்றோ அதனைக் கணக்கிட இயலும்? தொகை அறியாது திட்டம் வகுத்தல், நிலத்தின் பரப்பை அறியாது விதைநெல் அளப்பதை ஒக்கும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தார் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். அங்கு 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மூன்று திங்கள் நிரம்பிய நாயையும் பூனையையும் உரியவர் மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு மன்றமும் நான்காண்டுக்கு ஒருமுறை விலங்கு மேலாண்மைத் திட்டம் வகுத்தலும் வேண்டும்.

நம் நாட்டில் முன்னர் நகராட்சிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொன்று வந்தன. கொன்ற இடத்தில் வேறு நாய்கள் வந்து பெருகினவேயன்றித் தொல்லை நீங்கவில்லை. கருத்தடை செய்தும் தடுப்பூசி இட்டும் பெருக்கத்தைக் குறைக்கும் முறையை 2001ஆம் ஆண்டு விதிகள் வகுத்தன. 2023ஆம் ஆண்டின் புதிய விதிகளும் அப்பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடமே வைத்துள்ளன.

‘எம் வீட்டு நாயை நகராட்சி ஏட்டில் ஏன் எழுதுவித்தல் வேண்டும்? இது பணம் பெறும் வழியன்றோ?’ எனச் சிலர் வினவுவர். அவர் கூற்றுப் பொருந்தாது. ஏட்டில் பதிந்த நாய் வழிதவறின் உரியவரிடம் மீண்டு சேரும். ஊசி இடவேண்டிய காலமும் தவறாது. குட்டியாய் இருக்கும்போது கொஞ்சி வளர்த்து, நோயுற்றபோது தெருவில் விட்டுச் செல்லும் கொடியவர் யாவர் என்பதும் வெளிப்படும். மன்றத்தின் திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும், வளர்ப்போர் துணையின்றி அது நிறைவேறாது.

நாயிடத்து அன்புடையோர் அதனைப் பதிவு செய்து, காலந்தவறாது ஊசி இடுவித்தல் வேண்டும். அதுவே நாய்க்கும் அயல்வீட்டுக் குழந்தைக்கும் ஒருங்கே செய்யும் நன்மையாகும்.